நூறு ரூபாயில் மருத்துவமனைக்குப் போனது எவ்வளவு? ஓடி நிதி திரட்டியவனின் மதிப்புரை

மருத்துவச் செலவுக்கு இணையத்தில் நிதி திரட்டித் தரும் ஒரு தளத்தைப் பற்றிய மதிப்புரை இது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். தளத்தின் பெயரை எழுதவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற பெரிய தளங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலை செய்யும் முறை ஏறக்குறைய ஒன்றேதான். நாளைக்கு நீங்கள் எதில் பக்கம் திறந்தாலும் கீழே சொல்லப்போகிற இடங்களில்தான் தட்டுப்படும். அதனால் பெயரைவிடக் கணக்குதான் உங்களுக்கு உதவும். நான் கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல், கொடுக்கிறவர் பையிலிருந்து கிளம்புகிற நூறு ரூபாயில் எவ்வளவு மருத்துவமனை கவுன்டரில் போய் விழுகிறது என்பது.

எங்கள் கம்பெனியில் டர்னராக, அதாவது லேத் ஓட்டுகிறவராக, இருக்கிற ஒருவரின் பையனுக்கு தலசீமியா மேஜர், பிறவியிலேயே வருகிற ரத்த நோய். வயது ஏழு. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தோடு உடம்பில் இரும்புச்சத்து சேர்ந்துகொண்டே போகும், அதை வெளியேற்றத் தினமும் மாத்திரை. இதற்கு நிரந்தரத் தீர்வு என்றால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான். மஜ்ஜை கொடுப்பவரின் திசு வகை (எச்எல்ஏ) பொருந்த வேண்டும், கூடப் பிறந்த ஒருவருக்கு அது பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. அக்காவுக்குப் பொருந்தியது. அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது, "எனக்கு ஊசி போட்டா தம்பிக்குச் சரியாயிருமா?" என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டுவிட்டது. வேலூரில் செய்வதாக முடிவு. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையான சிஎம்சி-யில் இந்த மாற்று சிகிச்சையை 1986 முதலே செய்கிறார்கள், அதனால் ஊர் பற்றி யாருக்கும் தயக்கம் இல்லை. எஸ்டிமேட் லெட்டரில் 14,50,000 ரூபாய் என்று இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். இதில்தான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். எங்கள் டர்னருக்குச் சம்பளம் 24,000. இஎஸ்ஐ-க்கு அவர் பணக்காரர், காப்பீட்டு அட்டைக்கு மகா பணக்காரர், எஸ்டிமேட் லெட்டருக்கு முன்னால் ஒன்றுமே இல்லாதவர். நல்ல வேளையாகத் தலசீமியாவுக்கு என்றே அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியா தன் சமூகப் பொறுப்பு நிதியில் 2017 முதல் ஒரு திட்டம் வைத்திருக்கிறது, தலசீமியா பால் சேவா யோஜனா என்று பெயர். பொருந்துகிற தானம் குடும்பத்துக்குள்ளேயே இருந்தால், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் 10 லட்சம் வரை மருத்துவமனைக்கே நேரடியாகக் கட்டிவிடுவார்கள். மருத்துவமனையின் சமூகப் பணியாளர்தான் அதை எடுத்துச் சொல்லி, படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார். ஆக நாங்கள் திரட்ட வேண்டியது 14,50,000 இல்லை, 4,50,000. நிதி திரட்டும் பக்கம் திறக்கிறதுக்கு முன்னால் சமூகப் பணியாளர் அறைக்குப் போங்கள். தளத்தில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். சொல்வது அவர்கள் வேலையும் இல்லை.

அப்புறம் எதற்கு ஓட்டம்? நேராகக் கேட்கக் கூடாதா என்று என் மனைவியே கேட்டாள். கேட்கலாம். ஆனால் டர்னர் அதற்குச் சம்மதிக்கவில்லை. "அண்ணா, கம்பெனில நோட்டு சுத்த விட்டா நாளைக்கு யார் மூஞ்சில முழிக்கறதுங்க? கைநீட்டுனாப்ல ஆயிருமுங்க" என்றார். நான் ஏற்கெனவே காலையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதையைச் சுற்றுகிற ஆள். ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர் வரும், மூன்று சுற்று ஓடிவிட்டு டீ குடித்துவிட்டு வருவேன். "நீ கேக்க வேண்டாம் கண்ணு, நான் 21 கிலோமீட்டர் ஓடறேன், கிலோமீட்டருக்கு இத்தனைன்னு நான் கேட்டுக்கறேன்" என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார். பணம் அதேதான், ஆட்களும் அவர்களேதான். கேட்கிற ஆள் மாறியதும் வாங்குகிறவருக்குக் கூச்சம் குறைந்தது. கொடுக்கிறவர்களுக்கும் கிண்டல் பண்ண ஓர் இடம் கிடைத்தது. ஓடுகிறவனைப் பார்த்து "முடிக்காமப் பாதில உக்காந்துட்டா?" என்று கேட்கலாம். நோயாளியின் அப்பாவிடம் அப்படி எதையும் கேட்க முடியாது.

கிலோமீட்டர் கணக்கு நம்மூர் ஆட்களுக்குப் பிடித்துப்போனது எனக்கே ஆச்சரியம். கம்பெனி வாசல் டீக்கடைக்காரர் கிலோமீட்டருக்கு 50 என்றார். கூடவே, "இருவத்தி ஒண்ணும் ஓடுனாத்தான் முழுசுங்க, இருவதுல நின்னா பாதி" என்று ஒரு ஷரத்து. ஃபவுண்டரி ஃபோர்மேன் 100 என்றார். பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து 200. அரை மாரத்தான் சரியாக 21.1 கிலோமீட்டர்; அந்த 0.1 கிலோமீட்டருக்கும் காசு உண்டா என்று நான் கேட்டதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

ஓடியது கோயம்புத்தூர் மாரத்தானில், அரை மாரத்தான். 2013-இல் தொடங்கியது, கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடப்பது. நுழைவுக் கட்டணம் அந்தக் காரியத்துக்கு, நான் திரட்டுவது இந்தப் பையனுக்கு. இரண்டையும் குழப்பக் கூடாது என்று எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கட்டணத்தையும் ஷூவையும் திரட்டின பணத்திலிருந்து தொடவில்லை, அது என் செலவு. பெரிய ஓட்டங்களில் நிதி திரட்டுவதற்கென்றே ஏற்பாடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2004-இல் தொடங்கிய மும்பை மாரத்தானில் யுனைடெட் வே மும்பை என்ற தொண்டு அமைப்பின் வழியாகத் திரட்டலாம். ஆனால் அது பதிவு செய்த தொண்டு நிறுவனங்களுக்கு. ஒரு தனிப் பையன் பெயரைப் போட்டு அதற்குள் நுழைய முடியாது.

யோசித்தால் பெயர்பெற்ற ஓட்டங்களும் ஒரு தனி ஆளுக்காக நடந்தவை இல்லை. 1980-இல் கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்தார். நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் என்று கேட்டார். தன் வைத்தியத்துக்கு இல்லை, ஆராய்ச்சிக்கு. நுரையீரலுக்குப் பரவி ஓட்டம் பாதியில் நின்றது, மறு வருடம் 22 வயதில் இறந்துபோனார், கேட்ட ஆளுக்கொரு டாலர் அதற்குள் சேர்ந்துவிட்டிருந்தது. இலங்கையில் 2011-இல் தென்கோடித் தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டர் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குத் திரட்டினார்கள். இதெல்லாம் நிறுவனத்துக்காக ஓடுவது, நடப்பது. அதற்குக் கணக்கு, ரசீது, தணிக்கை எல்லாம் பின்னாலேயே வரும். ஒரே ஒரு ஆளுக்காக ஓடினால் இவை எதுவும் இருக்காது. அந்தக் காலி இடத்தில்தான் இந்த இணையத் தளங்கள் கடை போட்டிருக்கின்றன.

கடை நல்ல கடைதான், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பக்கம் திறப்பது எளிது. பையனின் ஆதார், அப்பாவின் பான், மருத்துவமனையின் எஸ்டிமேட் லெட்டர், சிகிச்சைச் சீட்டு, இவற்றைப் போனிலேயே படம் எடுத்து ஏற்றலாம். தமிழில் எழுதலாம், அவர்களே ஆங்கிலத்தில் மாற்றியும் போட்டார்கள், மொழிபெயர்ப்பு மோசமில்லை. அடுத்த நாளே ஒரு பெண் போன் செய்து சரிபார்த்தார். மருத்துவமனைக்கும் அவர்கள் தனியாகப் போன் போட்டு, இப்படி ஒரு நோயாளி இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்தது. போலிக் கணக்கு ஆரம்பித்து, வேறு யாரோ குழந்தையின் படத்தைப் போட்டு வசூல் செய்கிற திருட்டு வாட்ஸப்பில் எவ்வளவோ நடக்கிறது. நம் பக்கத்துக்குச் சரிபார்த்த முத்திரை இருந்ததால்தான் என் கல்லூரி நண்பன் ஒருவன் துபாயிலிருந்து, பத்து வருடமாகப் பேசாதவன், யோசிக்காமல் பணம் போட்டான். முகம் தெரியாதவர்களும் கொடுத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து ஒருவர் 51 ரூபாய் போட்டிருந்தார், பெயர்கூட இல்லை. இவர்களையெல்லாம் என் போன் நம்பருக்கு வர வைக்க முடியாது. நட்சத்திரம் மூன்றும் இதற்காகத்தான்.

இப்போது தட்டுப்படுகிற இடங்கள்.

முதலாவது டிப். தளத்தின் முகப்பில் 'கட்டணம் 0 சதவீதம்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். பொய் இல்லை. எங்கள் ஃபோர்மேன் கிலோமீட்டர் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு முன்பணமாகவே 1,000 போடுகிறேன் என்று டீ வேளையில் போனை எடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். 1,000 என்று அடித்தார். கீழே 'மொத்தம் 1,150' என்று வந்தது. ஒருதரம் அழித்துவிட்டு மறுபடி அடித்தார், மறுபடி 1,150. தொகைக்கும் பொத்தானுக்கும் நடுவில் சாம்பல் நிற எழுத்தில் ஒரு வரி இருந்தது: எங்கள் சேவைக்கு நன்றித் தொகை, 15 சதவீதம். அதைத் தொட்டால் ஒரு பட்டியல் விரிகிறது: 10, 12, 15, 18. பட்டியலில் 0 இல்லை. கடைசியில் 'வேறு தொகை' என்று ஒன்று. அதைத் தொட்டு, பெட்டிக்குள் 0 என்று அடித்தால், சோகமான மூஞ்சி போட்ட ஒரு பொம்மை வந்து, நீங்கள் கொடுக்கிற டிப்பால்தான் எங்களால் ஏழைகளுக்கு இலவசமாகச் சேவை செய்ய முடிகிறது என்று சொல்லுகிறது. அதையும் தாண்டினால்தான் 1,000. ஃபோர்மேன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "ஏனுங்க, நாம பையனுக்குத்தானே குடுக்கறோம், இவன் யாரு நடுவுல?" என்றார்.

அவர் கேள்விக்கு நியாயமான பதிலும் இருக்கிறது. சரிபார்க்கிற பெண்ணுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? தளத்துக்கு சர்வர் செலவு இல்லையா? கேட்டு வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேட்காமலே பெட்டியில் நிரப்பி வைத்துவிட்டு, எடுப்பதற்கு நாலு கதவு திறக்கச் சொல்வதுதான் உறுத்துகிறது. ஃபோர்மேனுக்குக் காட்ட நான் இருந்தேன். பேக்கிங் செக்‌ஷனில் தனித்தனியாகப் போட்டவர்களிடம் பிறகு கேட்டால், பாதிப் பேருக்கு டிப் போனதே தெரியாது. 115 போன மெசேஜைப் பார்த்து "ஜிஎஸ்டி-யாக்கும்னு நெனச்சனுங்க" என்றாள் ஒருத்தி. வாங்குகிற சம்பளத்தில் அந்தப் பதினைந்து ரூபாய் அவளுக்கு ஒரு வேளை டிபன்.

அடுத்தது பேமென்ட் கேட்வே கட்டணம், அதாவது இணையத்தில் பணத்தை வாங்கிக் கைமாற்றித் தருகிற நிறுவனம் எடுத்துக்கொள்வது. இது டிப் மாதிரி விருப்பம் இல்லை, கட்டாயம். எங்களுக்கு 2.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 2.95. வெளிநாட்டு அட்டை என்றால் இன்னும் கூடும். மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், ஒப்பந்தத்தில் இருந்தது. கணக்கு இப்படி வருகிறது: டிப் 15 சதவீதத்தோடு ஒருவர் 115 கொடுத்தால் மருத்துவமனைக்குப் போவது 97.05. அதாவது பையிலிருந்து கிளம்பிய நூறில் 84 ரூபாய் 39 காசு. டிப்பை 0 ஆக்கத் தெரிந்தவருக்கு நூறுக்கு 97.05. மருத்துவமனைக்கு நேராக யுபிஐ-யில் அனுப்பியவருக்கு நூறுக்கு நூறு.

மூன்றாவது, படம். பக்கத்துக்கு நாங்கள் கொடுத்தது பையன் கிரிக்கெட் மட்டையோடு சிரிக்கிற படம். எங்கள் பக்கத்தைக் கவனிக்க ஒரு தம்பியை நியமித்திருந்தார்கள், மரியாதையான பையன், 'சார் சார்' என்றுதான் பேசுவான். "சார், இந்தப் படத்துக்கு டொனேஷன் வராதுங்க சார். ரத்தம் ஏத்தறப்ப எடுத்தது இருக்குமா? அம்மா அழுவறாப்ல ஒண்ணு?" என்றான். அவன் சொல்வது வியாபாரக் கணக்கில் சரியாகவே இருக்கலாம். பையனின் அம்மாவிடம் கேட்டேன். "அவன் நாளைக்கு வளந்து, பள்ளிக்கூடத்துல எவனாச்சும் அதை எடுத்துக் காட்டுனா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மட்டைப் படமே இருந்தது. அப்புறம் அந்தத் தம்பி, ஃபேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறோம், விளம்பரச் செலவை வருகிற பணத்தில் கழித்துக்கொள்கிறோம் என்றான். எத்தனை சதவீதம் கழிப்பீர்கள், எழுத்தில் கொடுங்கள் என்றேன். "வர்றதைப் பொறுத்துங்க சார்" என்றான். எழுத்தில் வராததற்குக் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை, வேண்டாம் என்றுவிட்டேன். நீங்களும் இந்த இடத்தில் எழுத்தில் கேளுங்கள். விளம்பரம் போட்ட பக்கத்துக்குத் தொகை நிறைய ஏறியிருப்பது வெளியே தெரியும், அதில் எவ்வளவு விளம்பரத்துக்கே திரும்பிப் போனது என்பது வெளியே தெரியாது.

ரசீது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எங்கள் மேனேஜர் முதலில் கேட்டது அதைத்தான். "80ஜி வருமா?" வராது. 80ஜி வரிச்சலுகை, அதற்கான பதிவுள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான். ஒரு தனி ஆளின் சிகிச்சைக்கு நேராகக் கொடுத்தால் கிடையாது. புது வரித் திட்டத்தில் இருப்பவருக்கு அறக்கட்டளைக்குக் கொடுத்தாலுமே கழிவு இல்லை. இதைச் சொன்னதும் மேனேஜர் கொஞ்சம் முகம் சுளித்தார், அப்புறம் சொன்னதைக் கொடுத்துவிட்டார். இன்னொன்று, அப்பாவின் சேமிப்புக் கணக்கு நம்பரை வாட்ஸப்பில் சுற்ற விடாதீர்கள். சொந்தபந்தம் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000-க்கு மேல் வந்தால் அந்த முழுத் தொகையையும் வருமானமாகக் கணக்கில் கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு வரி நோட்டீசுக்குப் பதில் எழுதுகிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

அதனால் நாங்கள் இரண்டு வழி வைத்தோம். முகம் தெரியாதவர்கள், தூரத்தில் இருப்பவர்கள், நம்புவதற்கு முத்திரை தேவைப்படுகிறவர்கள், இவர்களுக்குத் தளத்தின் லிங்க். கம்பெனி ஆட்கள், அபார்ட்மென்ட்காரர்கள், சொந்தக்காரர்கள், டீக்கடை, இவர்களுக்கு மருத்துவமனையில் பையனுக்குக் கொடுத்த எண். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளி எண்ணைப் போட்டு ஆன்லைனிலேயே முன்பணம் கட்ட முடிகிறது. கட்டியதும் ரசீது நோயாளி பெயரிலேயே வரும். அதை வாட்ஸப் குழுவில் போடச் சொன்னோம். யார் எவ்வளவு என்று ஒரு நோட்டிலும் எழுதினேன், நோட்டு ஆபீஸ் மேஜையில் திறந்தே கிடந்தது.

ஓட்டத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. டிசம்பர், விடியுமுன் கிளம்பினோம், குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது, கூட்டமும் பாட்டும் இருந்தன. மார்பில் நம்பர், அதன் பின்னால் நேரம் பார்க்கிற சிப். முதுகில் பையனின் பெயர் போட வேண்டும் என்று பேக்கிங் செக்‌ஷனில் சொன்னார்கள், மட்டைப் படத்துக்குச் சொன்ன அதே காரணத்துக்காக வேண்டாம் என்றோம், வெறும் 'கிலோமீட்டருக்கு எவ்வளவு?' என்று மட்டும் எழுதிக்கொண்டேன். அதைப் படித்துவிட்டு 12-ஆவது கிலோமீட்டரில் கூட ஓடிக்கொண்டிருந்த ஓர் அம்மா, என்ன விஷயம் என்று கேட்டார், மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சொன்னேன். ஓடிக்கொண்டே, "முடிச்சதும் க்யூஆர் காட்டுங்க தம்பி" என்றார். 17-க்கு மேல் தொடை இறுகிவிட்டது, கொஞ்சம் நடந்தேன். நடந்தாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தானே, டீக்கடைக்காரர் ஷரத்தில் ஓடணும் என்று இருந்ததா என்று அந்த வலியிலும் யோசித்தது ஞாபகம் இருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த அம்மா எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, வாழைப்பழத்தை உரித்தபடி நின்றிருந்தார், 2,100 ரூபாய் போட்டார். டிப்பை 0 ஆக்க நான் சொல்லித் தரவில்லை, அவராகவே ஆக்கினார். "தெரியுமுங்க, போன வருசம் ஏமாந்தேன்" என்றார்.

டீக்கடைக்காரர் சான்று கேட்டார். ஓடிய வழியைப் பதிந்து வைக்கிற ஸ்ட்ராவா செயலியின் வரைபடத்தைக் காட்டினேன். நம்பவில்லை, மெடலைக் காட்டினேன். மெடலைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, கல்லாவிலிருந்து 1,050 எடுத்து நீட்டினார். ரொக்கமாக வேண்டாங்க, நம்பருக்குக் கட்டுங்க என்றதற்கு, "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க, நீங்களே கட்டி ரசீதைக் கொண்டாந்து ஒட்டுங்க" என்றார். அந்த ரசீது இப்போது பால் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

மொத்தக் கணக்கு. தளத்தில் ஏறியது 2,80,000. கேட்வேயும் வரியும் 8,260. மருத்துவமனைக்குப் போனது 2,71,740. டிப்பாக எவ்வளவு போனது என்பது பக்கம் திறந்த எங்களுக்குக் காட்டப்படுவதில்லை. கொடுத்தவர் ஒவ்வொருவரின் மெசேஜிலும்தான் இருக்கிறது. நேராக மருத்துவமனைக்குக் கட்டியது 1,94,000, கழிவு இல்லை. இரண்டும் சேர்ந்து 4,65,740. தேவைக்கு மேல் இருந்த 15,740, சிகிச்சைக்குப் பிறகு வாங்குகிற மருந்து பில்லில் கழிந்துவிட்டது. தளம் பணத்தை மருத்துவமனைக் கணக்குக்குத்தான் மாற்றியது, அப்பா கையில் கொடுக்கவில்லை. கேட்ட நாளிலிருந்து நாலு வேலை நாள் ஆயிற்று. சிலருக்கு இது தாமதமாகப் படலாம். முன்பணத் தேதியை மருத்துவமனை சொன்னவுடனே கேட்டுவிட்டதால் எங்களுக்கு இடிக்கவில்லை. வார இறுதியை ஒட்டிக் கேட்காதீர்கள்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். வேலூரில் வீடு பிடித்துத் தங்குகிற செலவு எஸ்டிமேட்டில் இருக்காது. மாற்று சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் போல மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்வார்கள், எதிர்ப்பு சக்தி ஏறும் வரை. வாடகை, தனியாகச் சமைத்த சாப்பாடு, கொதிக்க வைத்த தண்ணீர், அப்பாவுக்குச் சம்பளம் இல்லாத விடுப்பு. தளத்துப் பணத்தை இதற்கு எடுக்க முடியவில்லை, பில் கேட்பார்கள், வாடகை வீட்டுக்காரரிடம் என்ன பில் இருக்கும்? கம்பெனியில் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் என்று தனியாக எடுத்துக் கொடுத்தோம். இலக்குத் தொகை போடும்போதே இதை யோசித்துவிடுங்கள்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது டிப் பெட்டிக்கு. இன்னொன்று, அதற்குப் பிறகு நடப்பதற்கு. பணம் கொடுத்தவர்களின் நம்பர்கள் தளத்தில் இருக்கின்றனவே, அதற்கப்புறம் அவர்களுக்கெல்லாம் வாரத்துக்கு இரண்டு, மூன்று மெசேஜ். வேறு வேறு குழந்தைகள், குழாய் சொருகிய படங்கள், 'இன்னும் 6 மணி நேரம்தான்' என்ற மாதிரி வாசகங்கள். அந்தக் குழந்தைகளுக்கும் தேவை உண்மையாகவே இருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பேக்கிங் செக்‌ஷன் பெண் ஒருத்தி ராத்திரி பதினோரு மணிக்கு வந்த படத்தைப் பார்த்துப் பயந்துபோய், "அண்ணா, நம்ம பையனுக்கு ஏதாச்சுமாங்க?" என்று எனக்குப் போன் செய்தாள். நிறுத்த ஒரு வழி இருக்கிறது, மெசேஜின் அடியில், டிப்பைப் போலவே சாம்பல் நிறத்தில்.

யாருக்கு இந்தத் தளத்தைச் சிபாரிசு செய்வேன் என்றால், சுற்றத்தைத் தாண்டிக் கேட்க வேண்டிய அளவுக்குப் பெரிய தொகை வேண்டியவர்களுக்கு. ஒன்றிரண்டு லட்சம்தான் தேவை, தெரிந்தவர்களே கொடுப்பார்கள் என்றால் தளமே வேண்டாம், மருத்துவமனை எண் போதும். ஓட்டம் இரண்டுக்கும் உதவும், வயது 47-இல் எனக்கே முடிந்தது. முட்டி வலி உள்ளவர்கள் நடைப் பிரிவில் போடுங்கள்; டீக்கடைக்காரரிடம் ஷரத்தை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பையனுக்கு மாற்று சிகிச்சை முடிந்து வேலூர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள், ரத்தப் பரிசோதனைகள் போய்க்கொண்டிருக்கின்றன. பக்கத்தை மூடச் சொல்லிவிட்டோம். மூடிவிட்டார்கள், 'இலக்கு நிறைவேறியது' என்று போட்டுவிட்டார்கள், ஆனால் படமும் நோயின் பெயரும் இன்னும் தேடினால் வருகிறது. எடுத்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன், டிப் கணக்கையும் அதே மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன். படத்தை எடுத்துவிட்டால் நட்சத்திரத்தை நாலாக்குகிறேன்.